மற்ற பத்துப் பேரின் எரிச்சல்

தேவநேசம் எனக்கு முன்னால் போய்க் கேட்டுவிட்டாள். என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் அவ்வளவுதான். சிபாரிசு கேட்பது கிறிஸ்தவர்களுக்கு அழகில்லை என்று அந்த வாரம் முழுக்க நான் எஸ்டேட் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்ததை நீங்கள் நம்ப வேண்டாம். கேட்கத்தான் நானும் போனேன். பாஸ்டர் வீட்டு வெளிக்கேட்டுக்கு இந்தப் பக்கம் நான் நின்றபோது, வீட்டுக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள்.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, அரவேணுப் பக்கம் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் புகை விடுவதை நிறுத்திய காலம் அது. எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியையும் மூடினார்கள். என் கணவர் லூயிஸுக்கு அங்கே பாய்லர் வேலை. அடுத்த வீட்டுத் தேவநேசத்தின் மகன் ஆசீருக்கு இலை வாட்டும் மாடியில் வேலை. இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். கொழுந்து பறிக்கிற எங்களுக்கும் வாரத்தில் பாதி நாள்தான் வேலைக்குப் பேர் போட்டார்கள். நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைனில் பாதி வீடுகளுக்குப் பூட்டு. போனவர்கள் எல்லாரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள்.

திருப்பூர் என்றாலே எனக்குப் பயம். லூயிஸுக்கு வீசிங். தேயிலைத் தூசியிலேயே ராத்திரி முழுக்க உட்கார்ந்து மூச்சு வாங்குகிற மனிதர், பஞ்சுத் தூசியில் எத்தனை நாள் தாங்குவார்? அந்த நேரத்தில்தான் கோத்தகிரியில் ஒரு மிஷன் ஹாஸ்டலில் வாட்ச்மேன் வேலை காலியானது. குடும்பத்தோடு தங்க அறை, சாப்பாடு, மாதம் பிறந்தால் சம்பளம். நம்பிக்கையான ஓர் ஆளை சபையிலிருந்து அனுப்பச் சொல்லி எங்கள் பாஸ்டர் சற்குணத்திடம் கேட்டிருந்தார்கள்.

லூயிஸ் போய்க் கேட்க மாட்டார். யாரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ரேஷன் கடையில் பாமாயில் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பது நான். ஃபேக்டரியில் லீவு வேண்டுமென்றால் ஆபீஸ் வாசலில் நிற்பதும் நான். புதன்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "எனக்கு யாருகிட்டயும் போய் நிக்கத் தெரியாது புள்ள" என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாஸ்டரய்யா மூணு மணிக்கு மேல ஊட்லதான் இருப்பாராமா" என்றார். நான் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பாஸ்டர் வீட்டு வாசற்கதவு திறந்திருந்தது. உள்ளே தேவநேசம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே திரும்பிவிட்டேன்.

தேவநேசத்தின் மேல் எனக்கு இருந்தது நேற்று முளைத்த பொறாமை இல்லை. என் பந்தலில் மேரக்காய், கீழே சௌசௌ என்பார்கள், பிஞ்சிலேயே வெம்பும். அவள் பந்தலில் பனிக்காலத்தில்கூடக் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். ஒரே நிரையில் நின்று பறித்தாலும் தராசில் அவள் கூடைதான் கனக்கும். கோயிலில் பாட்டுப் பாட எழுந்தால் பாஸ்டரம்மா அவள் பக்கம் திரும்பிக்கொண்டுதான் பாடுவார். புருஷன் செத்தபோதுகூட அழுது முடித்து மூன்றாம் நாள் நிமிர்ந்து நடந்தாள். இவ்வளவையும் நான் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியுமா என்றால், தெரியாது. அது இன்னும் பெரிய எரிச்சல். அவளுக்கு நான் "பெர்சி". எது கிடைத்தாலும் எனக்கும் கொஞ்சம் எடுத்து வைப்பாள். அந்த மேரக்காயைத் தின்றுகொண்டேதான் பொறாமைப்பட்டேன்.

வியாழக்கிழமை கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேச்சியம்மாவிடம் ஆரம்பித்தேன்.

"கோத்தகிரி வேலைக்கு அம்மாவை அனுப்பிக் கேட்டிருக்கான் ஆசீரு. வளந்த பையன் வாயில கொழுக்கட்டையா இருக்குது? எங்க ஊட்டுக்காரரு அப்படி என்னை அனுப்புவாரா? அவருக்கு மானம் இருக்குதுங்க."

பேச்சியம்மாவிடம் ஒன்றைச் சொன்னால் போதும். ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. ஆனால் அவள் சொன்ன சங்கதி மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கும். சனிக்கிழமைக்குள் சபையில் இருந்த அத்தனை பேருக்கும் ஆசீர் மேல் கோபம் வந்துவிட்டது. பாஸ்டர் காதுக்கும் போனது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் சொன்னார்: "கோத்தகிரி வேலைக்கு இனிமே யாரும் வந்து கேக்க வேண்டாம். ஆசீர், லூயிஸ் ரெண்டு பேர்தான் என் மனசுல இருக்காங்க. ஆனா ஒண்ணு. தான் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு ஊட்டுப் பொம்பளைங்கள முன்னால விடற ஆளை நான் அனுப்ப மாட்டேன். ராத்திரியில பிள்ளைங்களுக்குக் காவல் இருக்க வேண்டியவன் அவன். சாயங்காலம் வேதபாடம் முடிஞ்சதும் முடிவு சொல்றேன்."

என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆசீர் போனான். மிச்சம் லூயிஸ்.

எங்கள் வேதபாடத்துக்கு ஒரு முறை உண்டு. இயேசுவின் கதையை நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள்; ஒரே சம்பவத்தை ஒருவர் ஒரு மாதிரி எழுதினால் இன்னொருவர் வேறு மாதிரி எழுதியிருப்பார். அப்படி ஒத்துவராத இடங்களை வரிசையாக எடுத்துக்கொள்வோம். முந்தின ஞாயிறே சீட்டுப் போட்டு இரண்டு குடும்பங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு குடும்பம் ஒருவர் எழுதியதை வாசிக்கும், மற்றது இன்னொருவர் எழுதியதை. பிறகு இரண்டு குடும்பமும் கூட்டம் நடக்கிற வீட்டுச் சமையலறைக்குள் போய்ப் பேசி, இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று ஒரே பதிலோடு வெளியே வர வேண்டும். அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் டீ ஊற்றக்கூடாது. கல்லறையில் இருந்த தூதன் ஒருவனா இருவரா என்று இரண்டு குடும்பம் சண்டை போட்டு, ஒருமுறை டீ ஆறிப்போய்த் திரும்பச் சுடவைத்தார்கள். எரிகோவில் குருடன் ஒருவனா இருவரா என்பதற்கு, "ரெண்டு பேர் இருந்தாங்க, ஊருக்குத் தெரிஞ்சவன் பேரை மட்டும் ஒருத்தர் எழுதினாரு" என்று நொடியில் சொல்லிவிட்டு வந்தவர்களும் உண்டு.

அந்த வாரச் சீட்டில் எங்கள் வீடும் தேவநேசத்தின் வீடும் விழுந்திருந்தன. இருந்ததே கொஞ்சம் குடும்பங்கள். அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வரிசையில் அன்று வந்த சம்பவத்தைப் பார்த்தபோது கர்த்தர் என் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். செபெதேயுவின் மகன்கள் யாக்கோபும் யோவானும், இயேசுவின் ராஜ்யத்தில் வலது பக்கம் ஒருவனுக்கும் இடது பக்கம் ஒருவனுக்கும் இடம் கேட்ட சம்பவம். எனக்கு மத்தேயு. அவர்களுக்கு மாற்கு.

கூட்டம் பேச்சியம்மா வீட்டில். நான் எழுந்து நின்று வாசித்தேன். மத்தேயு எழுதியதில், கேட்பது அந்த மகன்களின் தாய். மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்து, பணிந்து நின்று கேட்கிறாள். "தாய்" என்ற இடம் வந்தபோது குரலை உயர்த்தி, கண்ணையும் உயர்த்தி, தேவநேசத்தைப் பார்த்தேன். இரண்டு பேர் இருமினார்கள். தேவநேசம் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆசீர் எழுந்து மாற்கை வாசித்தான். காது சிவந்திருந்தது. மாற்கில் தாய் என்ற பேச்சே இல்லை. அண்ணனும் தம்பியும் தாங்களே வந்து தங்கள் வாயாலேயே கேட்கிறார்கள்.

"கேட்டது அம்மாவா, மகன்களா?" என்றார் பாஸ்டர். "உள்ள போய்ப் பேசிட்டு வாங்க."

சமையலறையில் பால் கொதிக்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் நான்கு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். தேவநேசம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெர்சி, அம்மா தானா மனசு கேக்காம போய்க் கேட்டுட்டான்னு சொல்லுவோம். பசங்களுக்காகக் கேட்டதுனால, பசங்க கேட்டதா மாற்கு எழுதிட்டாருன்னு சொல்லுவோம். சரியாப் போயிரும்."

"அது எப்படிங்கக்கா சரியாகும்?" நான் கையை விடுவித்துக்கொண்டேன். "மத்தேயுவையே நல்லாப் பாருங்க. கேட்டது அம்மா. இயேசு பதில் சொல்றது யாரைப் பாத்து? மகன்களைப் பாத்து. நீங்க கேக்கறது இன்னதுன்னு உங்களுக்கே தெரியலன்னு சொல்றாரு. பதிலுக்கு முடியுமுங்கன்னு சொல்றதும் மகன்கதான். மத்தப் பத்துச் சீஷங்களுக்கு எரிச்சல் வந்ததும் அண்ணன் தம்பி மேலதான். அந்தம்மா மேல ஒருத்தருக்கும் கோபம் இல்ல. பசங்க ஆசை, அம்மா வாயில வந்துச்சு. மத்தேயு வாயை எழுதுனாரு, மாற்கு ஆசையை எழுதுனாரு. ரெண்டும் உண்மைதான்."

சரியான பதில் கையில் இருக்கும்போது பொறாமைக்கு எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பொய் சொல்ல வேண்டாம், ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். வேதத்தை வேதமாகச் சொன்னாலே போதும், பக்கத்து வீட்டுக்காரி கவிழ்ந்துவிடுவாள்.

தேவநேசம் குரலைத் தாழ்த்தினாள். "வேதத்துல அப்படியே இருக்கட்டும் பெர்சி. ஆனா நான் போனது இவனுக்குத் தெரியாது. நீ அங்க போய் இப்படிச் சொன்னா இவனையும் அப்படித்தானே நெனைப்பாங்க? இந்த வேலையும் போச்சுன்னா இவன் கீழ திருப்பூருக்கு எறங்கிருவான். நான் இந்த லைன்ல ஒத்தையா என்ன பண்ணுவேன்?"

"அதுக்காக வேதத்தை மாத்திச் சொல்ல முடியுங்களாக்கா?"

"பெர்சி சித்தி சொல்றது சரிதாம்மா" என்றான் ஆசீர். "படிச்சா அப்படித்தான் இருக்குது. விடுங்க."

லூயிஸ் பாலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேதம் வேதந்தானுங்களே" என்றார்.

வெளியே வந்து நான்தான் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். பதில் யாருக்கு, எரிச்சல் யார் மேல், எல்லாம். சொல்லி முடித்தபோது அறையில் இருந்த எல்லாக் கண்ணும் ஆசீர் மேல் இருந்தன.

"நல்ல பதில்" என்றார் பாஸ்டர். "நானே இவ்வளவு தெளிவா சொல்லியிருக்க மாட்டேன். சரி, அந்தப் பத்துப் பேருக்கு ஏன் எரிச்சல்?"

"எடம் கேட்டது தப்புன்னுதானுங்க ஐயா."

"அப்ப ரெண்டு பேருக்குத்தானே புத்தி சொல்லணும்? ரெண்டு சுவிசேஷத்துலயும் பாருங்க, இயேசு எல்லாரையும் கூப்பிட்டு இல்ல புத்தி சொல்றாரு?"

நான் யோசிப்பதற்குள், பாலை இறக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மா உள்ளேயிருந்தே சொன்னாள்: "அந்த எடத்து மேல இவங்களுக்கும் ஒரு கண்ணு இருந்திருக்கும்! இவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள அவனுங்க முந்திக்கிட்டானுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தார். நான் குனிந்து வேதப் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். யார் கேட்டது என்பதில்தான் மத்தேயுவும் மாற்கும் ஒத்துப்போகவில்லை. மற்றவர்களுக்கு வயிறு எரிந்தது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. அதை இத்தனை நேரம் நான் கவனிக்கவே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் பாஸ்டர் கேட்டார். "ஆசீர், அம்மாவை நீ அனுப்பினியா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் தேவநேசம் எழுந்துவிட்டாள். "இல்லீங்க ஐயா. நானாத்தான் வந்தேன்."

யாரும் நம்பவில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தானே அதை நம்பக்கூடாது என்று நான் வேதத்தைக் காட்டிச் சொல்லியிருந்தேன். அந்த நிம்மதியில் நான் மூச்சு விட்டபோது, பாஸ்டரம்மா என் பக்கம் திரும்பினார். அவர் மனதில் கள்ளம் கிடையாது. அதனால்தான் அவரிடம் எல்லாருக்கும் பயம்.

"அன்னைக்குப் பெர்சியாம்மாவும் வந்தீங்களே? துணி எடுத்துக்கிட்டு இருந்தேன், நீங்க கேட் வரைக்கும் வந்ததைப் பாத்தேன். கூப்பிடறதுக்குள்ள திரும்பிட்டீங்க. என்ன விஷயமா வந்தீங்கன்னு கேக்கணும்னே இருந்தேன்."

இப்போது எல்லாக் கண்ணும் என் மேல். பேச்சியம்மா டம்ளர் தட்டோடு சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். வியாழக்கிழமை அவளிடம் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் முகத்தில் ஓடியது.

பாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "லூயிஸ் அனுப்பினாரா?"

நான் லூயிஸைப் பார்த்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"நானாத்தான் வந்தேனுங்க ஐயா" என்றேன்.

தேவநேசம் சொன்ன அதே வார்த்தைகள். அவள் சொன்ன அதே வேகம். சொன்ன பிறகுதான் அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொன்னது மெய்யா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. இனி அதைக் கேட்க எனக்கு ஏது வாய்?

"இனி அம்மாவையும் கேக்கல, சம்சாரத்தையும் கேக்கல" என்றார் பாஸ்டர். "ஆசீர், உனக்கு இந்த வேலை வேணுமா?"

ஆசீர் எழுந்து நின்றான். காது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் குரல் தடுமாறவில்லை. "வேணுங்க ஐயா. அம்மா வந்தது எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா நானே வந்திருப்பேன். திருப்பூர் போனா அம்மாவை விட்டுட்டுப் போகணும். எனக்கு இந்த வேலை வேணும்."

அவன் பேசியதைக் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது, அவன் அனுப்பவில்லை. வேதத்துக்கு என் பதில் சரி, ஆசீருக்குத் தப்பு. லூயிஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"லூயிஸ், உங்களுக்கு?"

லூயிஸ் எழுந்தார். செருமினார். சிரித்தார். "நான் என்னங்க ஐயா சொல்றது... நீங்களாப் பாத்து..." என்று இழுத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து செய்கிறபடியே, என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

வார்த்தைகள் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. வேணுங்க ஐயா, அவருக்கு வீசிங், பஞ்சுத் தூசி ஆகாது, ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாத மனுஷன், காவலுக்கு அவரை விட நல்ல ஆள் கிடையாது. எல்லாம் தயாராக இருந்தன. சொன்னால், அவருக்காகப் பேசுவது எப்போதும் நான்தான் என்று தெரிந்து, நானாகத்தான் வந்தேன் என்று சொன்ன பொய் அங்கேயே செத்துவிடும். அதைவிட, அந்த ஒரு தடவையாவது அவரே சொல்லட்டும் என்று இருந்தது. "வேணும்" என்று ஒரு சொல். அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் அவருக்காகக் காத்திருந்தேன். பாஸ்டர் எங்கள் இரண்டு பேருக்காகவும் காத்திருந்தார்.

"அப்ப ஆசீரே போகட்டும்" என்றார் கடைசியில். பேச்சியம்மா டீ ஊற்ற ஆரம்பித்தாள்.

நான் அழுதேன். வேலை போய்விட்டதே என்று அழுவதாக நினைத்து இரண்டு பெண்கள் வந்து தோளைத் தட்டினார்கள். வேலை போனதும்தான். ஆனால் அந்த நேரம் என்னைத் தின்றது அது இல்லை. தேவநேசம் நூறு பேரிடம் போய்க் காலில் விழுந்திருக்கட்டும், அவள் கேட்கப் போனதை நான் எப்படியோ செரித்துக்கொண்டிருப்பேன். அவள் உட்கார்ந்திருக்க, அவளுக்குப் பக்கத்தில் ஒருவன் எழுந்து நின்று "எனக்கு வேணும்" என்று தன் வாயால் சொன்னானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மேரக்காய், தராசு, பாட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் அதுவரை பட்ட பொறாமை, இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

திரும்பி வரும்போது பனி இறங்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் தேவநேசமும் ஆசீரும் ஒரே டார்ச் வெளிச்சத்தில் ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். லூயிஸ் எனக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். வளைவு தாண்டி அவர்கள் கண்ணில் இருந்து மறையும்வரை நடந்துகொண்டே இருந்தார். மறைந்ததும் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏன் புள்ள, அங்க நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"